விரலால் திருகிய போல்ட்

மார்ச் 4

தம்பிக்கு,

பதினோரு முறை போன் செய்தேன். பதினோரு முறையும் அடித்து ஓய்ந்தது. பன்னிரண்டாவது முறை நர்ஸ் எடுத்து, "அவர் தூங்குறாரும்மா" என்றாள். காலை பத்து மணிக்குத் தூங்குகிற ஆள் நீ இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை உனக்குப் பதிலாக நர்ஸ் எடுத்துப் பேச முடியாது.

இடுப்பு எப்படி இருக்கிறது? ஊன்றுகோலை விட்டு நடக்கிறாயா? இதைக் கேட்காமல் விஷயத்துக்குப் போனால் அம்மா இருந்திருந்தால் திட்டியிருப்பாள். கேட்டுவிட்டேன்.

விபத்து விசாரணை ஆபீஸிலிருந்து கியர்பாக்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரின் மற்ற பாகங்களை அங்கேயே நசுக்கியாகிவிட்டது. சர்வீஸ் செய்தவள் நான் என்பதால் இதை மட்டும் எழுதிக் கேட்டு வாங்கினேன். மரப்பெட்டியில் வந்தது, கூடவே ஒரு பக்க அறிக்கை. கியர்பாக்ஸின் கூடு பாறையில் மோதி உடைந்து ஆயில் எல்லாம் கொட்டிவிட்டதாம். அதனால் அதற்கு முன் ஆயில் இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாதாம். "காரணம் உறுதியாகத் தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டிருக்கிறார்கள். அவர்கள் வேலை முடிந்தது.

என் வேலை முடியவில்லை. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் நீ சொன்னாய்: "அவ கை வெச்ச கியர்பாக்ஸ்தான் அத்தானைக் கொன்னுச்சு." ஏழு மாதமாக அந்த வாக்கியத்தோடு எழுந்து அந்த வாக்கியத்தோடு படுக்கிறேன். சண்டை போட எழுதவில்லை. அது உண்மை என்றால் எனக்குத் தெரிய வேண்டும். என் புருஷனைக் கொன்றது என் கையா என்று தெரியாமல் இந்தக் கையால் ஒரு கவளம்கூடச் சாப்பிட முடியவில்லை.

என் வழக்கம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்கே ஏதாவது ஞாபகம் வருமா என்று பார்க்கத்தான். புது ஆயில் ஊற்றியதும், ஊற்றுகிற ஓட்டையை மூட பக்கவாட்டில் இருக்கிற போல்ட்டை விரலால்தான் திருகுவேன். மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, ஆயில் சூடானதும் அளவை மறுபடி பார்த்த பிறகுதான் ஸ்பேனர் போட்டு இறுக்குவேன். போல்ட்டுக்கு அடியில் இருக்கிற செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான், மறுமுறைக்கு ஆகாது. இறுக்கி முடித்ததும் போல்ட்டின் மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. அந்தக் கோடு போடாத வண்டியின் சாவியில் சிவப்புத் துணி கட்டி ஆணியில் மாட்டிவிடுவேன். துணி கட்டிய சாவியை நம் பட்டறையில் யாரும் தொட மாட்டார்கள்.

அன்று மூன்றரை மணிக்கு எனக்குப் பல் டாக்டர். அதற்கு முன் மூன்று நாளாக வலி மாத்திரையில் மிதந்துகொண்டிருந்தேன். பல்லைப் பிடுங்கி, பாதி முகம் மரத்து, வீட்டுக்கு வந்து விழுந்தவள்தான். போல்ட்டை இறுக்கினேனா, விரலோடு விட்டேனா என்று நினைவில்லை. இறுக்காமல் விட்டிருந்தால் துணியைக் கட்டினேனா? போலீஸ் கொடுத்த பையில் சாவி இருந்தது. துணி இல்லை. அப்படியென்றால் இரண்டில் ஒன்று: வேலையை முடித்திருக்கிறேன், அல்லது துணி கட்ட மறந்திருக்கிறேன்.

கியர்பாக்ஸைச் சுற்றி மண் அப்பியபடியே இருக்கிறது, ஆபீஸில் கழுவிக்கூடப் பார்க்கவில்லை. கழுவினால் போல்ட் இருக்கிறதா, கோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு வாளித் தண்ணீர் போதும். எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதற்கு முன் நீ சொல். எந்த கியரில் போய்க்கொண்டிருந்தாய், என்ன சத்தம் கேட்டது? வேகமாக ஓட்டினாயா என்று கேட்க மாட்டேன்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

தூங்கவில்லைதான். உன்னிடம் பேச வாயில் வார்த்தை இல்லை, அதனால் நர்ஸிடம் அப்படிச் சொல்லச் சொன்னேன். அவளும் பாவம், பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

ஊன்றுகோலோடு நாற்பது அடி நடக்கிறேன். எதிர்க்கட்டிலில் இருக்கிற பெரியவர் ஐம்பது அடி நடக்கிறார். அவருக்கு எண்பத்தொரு வயது. தினமும் என்னை முந்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். இருபது வருடம் ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டருக்கு இப்போது நடக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

கேட்டதற்குப் பதில். மலையிறக்கம், ஐந்தாவது கியர். அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது. ரேடியோ இரைகிறது என்று நினைத்து அத்தான் அதை அணைத்தார். முனகல் நிற்கவில்லை. வளைவில் பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டன. கிளட்ச்சை மிதித்தேன், விடவில்லை. அதற்கு மேல் ஞாபகம் இல்லை.

வராந்தாவில் சொன்னது ஊசி மருந்தின் மயக்கத்தில் உளறியது. அதையே பிடித்துக்கொண்டு தொங்காதே. அந்தப் பெட்டியைத் திறக்காதே அக்கா. பழைய இரும்புக் கடையில் போட்டுவிடு. திறந்து பார்த்தால் அத்தான் எழுந்து வரப்போகிறாரா?

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

அவர் எழுந்து வரமாட்டார் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அவருடைய சாப்பாட்டுத் தட்டை உள்ளே எடுத்து வைத்தது நான். மருந்து மயக்கம் என்கிறாய். அந்த வாரம் நாம் இரண்டு பேருமே மருந்தில்தான் இருந்தோம். நான் யாரையும் கொலைகாரி என்று சொல்லவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன். அந்த வரியை அடித்துவிட மனம் வரவில்லை, இருக்கட்டும்.

நேற்று பட்டறையைப் பெருக்கினேன். லிஃப்ட்டுக்குக் கீழே அவர் உட்காரும் முக்காலி அப்படியே கிடக்கிறது. ஒரு ஸ்க்ரூவை நேராகப் போடத் தெரியாத கணக்கு வாத்தியார், இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசைப்பட்டார். அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தவன் நீதான். "எண்ணெய் சரியில்லன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குது, கவனிக்கலன்னா நகர மாட்டேங்குது. இது காரா அத்தான்? வீட்டு மாப்பிள்ளை" என்றாய். அவர் அதை வகுப்பில் போய்ச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் எல்லாம் "சார், மாப்பிள்ளை சௌக்கியமா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

காலையில் இரண்டாவது கியர் போட்டால் நறநற என்று பல்லைக் கடிக்கிறது என்று அவர் குறைப்பட்டதால்தான் கியர்பாக்ஸையே இறக்கினேன். ஐந்து வாரம் பிடித்தது. தினமும் சாயங்காலம் வந்து முக்காலியில் உட்கார்ந்து, "இன்னிக்கு எத்தனை பல்லு?" என்று கேட்பார். அன்று பார்த்த கியரின் பல்லை எண்ணிச் சொல்லுவேன். என்னவோ எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி தலையை ஆட்டுவார்.

முனகலுக்குப் பிறகு பூட்டிக்கொண்டது என்று எழுதியிருக்கிறாய். ஆயில் வற்றிய கியர்பாக்ஸ் அப்படித்தான் செய்யும். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை கழுவப் போகிறேன். போல்ட் கழன்று போயிருந்தால், வேலை முடியாத வண்டியைத் துணி கட்டாமல் விட்டேன் என்று விசாரணை ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பட்டறையை மூடிவிடுவேன். உன்னைக் கேட்டுச் செய்யவில்லை, சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

இது விரைவுத் தபாலில் வரும். சனிக்கிழமைக்குள் உன் கைக்குக் கிடைக்க வேண்டும்.

கழுவாதே. அவசியமில்லை. தப்பு என்னுடையது. ஐந்திலிருந்து நான்காவது கியருக்கு இறக்க வேண்டிய இடத்தில் எனக்கு இரண்டாவது கியர் விழுந்துவிட்டது. அந்த வேகத்தில் இரண்டாவது விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிட்டது. உன் வேலையில் ஒரு குறையும் இல்லை.

மாஸ்டர் கியர் மாற்றிப் போட்டான் என்று சொல்ல வெட்கப்பட்டு மறைத்தேன். பழியை உன் தலையில் போட்டேன். ஆபீஸுக்கு எழுத வேண்டியவன் நான். காலை ஊன்ற முடிந்ததும் நானே போய்ச் சொல்கிறேன். நீ பட்டறையை மூடினால் நான் இங்கிருந்து வரவே மாட்டேன்.

சாப்பிடு அக்கா.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. சனிக்கிழமை கழுவினேன்.

மண் போனதும் முதலில் போல்ட் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். ஓட்டைதான் இருந்தது. டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பாறையில் இடித்துப் பிய்ந்திருந்தால் போல்ட் திருகுகிற மரை கிழிந்திருக்கும். ஒரு சுற்றுகூடக் கிழியவில்லை. விரலால் திருகிய போல்ட் வண்டியின் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வழியில் எங்கோ விழுந்திருக்கிறது. அந்த ஓட்டை வழியாக ஆயில் தெறித்துத் தெறித்தே தீர்ந்திருக்கிறது.

பிறகு கூட்டைப் பிரித்தேன். ஐந்தில் ஓடும்போது தண்டின் மேல் சும்மா சுற்ற வேண்டிய நான்காவது கியர், ஆயில் இல்லாமல் தண்டோடு ஒட்டிக் கிடக்கிறது. சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறது. சுத்தியால் தட்டியும் அசையவில்லை. இரண்டாவது கியரையும் பார்த்தேன். நான் வைத்த புதுப் பித்தளை வளையம் வைத்தபடியே இருக்கிறது, பல்லில் ஒரு கீறல் இல்லை. அந்த வேகத்தில் இரண்டாவது விழுந்திருந்தால் அந்த வளையம் சில்லுச் சில்லாகச் சிதறியிருக்கும். உன் முதல் கடிதத்தில் முனகல் கேட்டது, அத்தான் ரேடியோவை அணைத்தார் என்று எழுதியிருந்தாய். கியர் மாற்றி விழுந்தால் முன்கூட்டியே முனகிவிட்டா விழும்? பொய் சொல்வதென்றால் கியர்பாக்ஸ் பிரிக்கத் தெரியாதவளிடம் போய்ச் சொல்லடா.

ஆனாலும் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கியர் போடுவதுதான் உன் சோறு, உன் மரியாதை. அதில் தப்புப் பண்ணினேன் என்று எனக்காக எழுதிக் கொடுத்தாயே, அது போதும் எனக்கு. வராந்தாவில் நீ சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னதற்காக உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ இனி குனிந்து நடக்க வேண்டாம்.

துணி கட்ட மறந்தேன். அதுதான் நடந்திருக்கிறது. பல்வலியில் ஒரு துண்டுத் துணியை மறந்தேன், அவர் போய்விட்டார். ஆபீஸுக்கு இன்றே எழுதிப் போட்டுவிட்டேன். பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்திருக்கிறேன். பழைய வாடிக்கைக்காரர்கள் வந்து கேட்கிறார்கள். கை சரியில்லை என்று சொல்லி அனுப்புகிறேன்.

அக்கா


ஏப்ரல் 7

அக்கா,

இதற்கு முன் ஒன்பது தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதைக் கிழிப்பதற்குள் பெரியவரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போகிறேன்.

நீ துணி கட்டினாய்.

சாவி ஆணியில்தான் இருந்தது, சிவப்புத் துணியோடு. இரண்டு முடிச்சு, நீ எப்போதும் போடுகிற மாதிரி இறுக்கமாக. அவிழ்க்க எனக்கு நகம் வலித்தது. அவிழ்த்து, எண்ணெய்த் துணி போடுகிற டின்னில் எறிந்தேன். அதனால்தான் உன் கண்ணில் அது படவில்லை. குனிந்து மஞ்சள் கோடு இருக்கிறதா என்றுகூட நான் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

ஏன் என்று கேட்பாய். நாள் முழுக்க பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டு, அடுத்தவன் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவதைப் பார்க்கிற பிழைப்பு என்னுடையது. ஐந்து வாரமாக மாப்பிள்ளை லிஃப்ட்டில் தொங்குவதைப் பார்த்துப் பார்த்துக் கை அரித்தது. அன்று சாயங்காலம் வந்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். வண்டி கீழே நின்றது. அத்தானிடம், "வாங்க, மலை வரைக்கும் ஒரு ரவுண்டு" என்றேன்.

அத்தான் கேட்டார் அக்கா. பட்டறை வாசலில் நின்றுகொண்டு, "உங்க அக்கா முடிச்சுட்டாளா?" என்று கேட்டார்.

"முடிச்சாச்சு அத்தான்" என்றேன்.

வண்டியில் ஏறும்போது மறுபடியும் கேட்டார். "நிஜமாவா? எதுக்கும் அவளை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரட்டுமா?"

"பல்லப் புடுங்கிட்டு இப்பதான் கண் அசந்திருக்கா. எழுப்பினா நம்ம ரெண்டு பேர் பல்லும் போயிரும்" என்றேன். சிரித்தார். "ஆமாப்பா, பாவம், தூங்கட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது நீ ஓடி வருவதைப் பார்த்தேன். "என்னடா ஆச்சு?" என்று கேட்கப் போகிறாய் என்று தெரிந்தது. நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். மருந்தும் இல்லை, மயக்கமும் இல்லை. தெளிவாக இருந்தேன்.

இரண்டாவது கியர் கதையை உன்னைக் காப்பாற்றச் சொன்னேன் என்று நினைக்கிறாய். பாதிதான் சரி. கியர் மாறி விழுந்தால் கை தவறியது என்று உலகம் விட்டுவிடும். துணியை அவிழ்த்தது கை தவறி அல்ல. அதை மறைக்கத்தான் இதைத் தலையில் போட்டுக்கொண்டேன். அதற்கு நீ எனக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கிறாய். 

மன்னிப்பு கேட்க யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. மன்னிப்பாயா? நான் என்ன செய்ய வேண்டும் என்று மட்டுமாவது சொல்.

தம்பி


ஏப்ரல் 17

தம்பி,

உன் கடிதம் வந்து ஏழு நாள் ஆகிறது. முதல் நாள் அடுப்பில் போடப் போனேன். இரண்டாம் நாள் ரயிலேறி வந்து உன் இன்னொரு இடுப்பையும் உடைத்துவிடலாமா என்று இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து ஒன்றும் தோன்றவில்லை. சும்மா பட்டறைப் பெஞ்சின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மன்னிக்கவில்லை. மன்னித்தேன் என்று இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், யாரோ எழுதிய மாதிரி இருந்தது. நீ துணியை அவிழ்த்ததைக்கூட என்றாவது ஒரு நாள் மன்னித்துவிடுவேன். ஆசைப்பட்டவன் செய்கிற மடத்தனம் அது. எட்டு மாதம் நான் என்னையே கொன்றுகொண்டிருந்தேன். உனக்குத் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தாயே, அதுதான் ஆறவில்லை.

என் பங்கும் இருக்கிறது. துணி என்பது பூட்டு இல்லை. அரைகுறை வேலையின் சாவியை யார் கைக்கும் எட்டுகிற ஆணியில் மாட்டிவிட்டுப் பல் டாக்டரிடம் போனவள் நான். சூடு பார்த்து இறுக்குவது நல்ல வழக்கம்தான். இறுக்காமல் இடத்தைவிட்டு நகர்வது நல்ல வழக்கம் இல்லை. அதை நான் ஆபீஸில் சொல்லத்தான் போகிறேன். 25ஆம் தேதி பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நீயும் வர வேண்டும். உன் வாயால் நீ சொல்ல வேண்டும். நான் உனக்காக ஒரு வார்த்தை கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அவர் மேலும் கோபம் இருந்தது. ஐந்து வாரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, எத்தனை பல் என்று எண்ணிவிட்டு, கடைசியில் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாரே, என் வேலைக்கு இந்த மனிதரிடம் அவ்வளவுதான் மதிப்பா என்று. அலமாரியைத் திறந்து அவருடைய சட்டைகளைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன். போனவரைத் திட்டுகிறோமே என்று பிறகு அழுவேன். எட்டு மாதம் இப்படித்தான் போனது.

அவர் கேட்டிருக்கிறார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. நான் தூங்கட்டும் என்றுதான் எழுப்பாமல் போயிருக்கிறார். அந்த வரியைப் படித்த பிறகுதான், தம்பி, அவர் போய்விட்டார் என்பதற்காக மட்டும் அழுதேன். வேறு எதுவும் அதில் கலக்கவில்லை. அதை எனக்குக் கொடுத்தவன் நீ. என்னிடமிருந்து அதை எட்டு மாதம் மறைத்து வைத்தவனும் நீ. உன்னை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

23ஆம் தேதி காலை ரயிலில் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். துணிமணியை எடுத்து வைத்துத் தயாராக இரு. பெரியவரிடம் சொல்லிக்கொண்டு வா. ரயிலில் என்னிடம் பேச்சுக் கொடுக்காதே, வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. அந்த ஆபீஸ் வாசலில் ஆறு படி இருக்கிறது. கைப்பிடி கிடையாது. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறு.

அக்கா